மூன்று காலமும் பன்னிரண்டு காலமும்

அதிபர்கள், கட்டடங்கள், பரிசளிப்பு விழாக்கள், வலைப்பந்தாட்ட வெற்றிகள் ஆகியவை பற்றி இம்மலரில் தகுந்தவர்கள் எழுதுகிறார்கள். எனக்குத் தரப்பட்ட தலைப்பு “பெண் கல்வியும் ஆங்கிலமும்”. அது ஒரு முழு நூலுக்குரிய விடயம். ஆகையால் அதன் ஒரு சிறு மூலையை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதுதான் மூன்று நிரல்களில் எழுதப்பட்ட ஆங்கில வினை அட்டவணை. கோ, வென்ற், கோன். ரேக், ருக், ரேக்கன். றைற், றோற், றிற்றன். எந்த ஆண்டில் படித்தவராயினும், விஞ்ஞானப் பிரிவாயினும் கலைப் பிரிவாயினும், ஆங்கிலத்தில் திறமைச் சித்தி பெற்றவராயினும் தட்டுத்தடுமாறியவராயினும், இந்த அட்டவணையை நடு இரவில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவிக்காத பழைய மாணவி இருக்கமாட்டார். நம்மை ஒன்றிணைப்பது கல்லூரிக் கீதமா, இந்த அட்டவணையா என்று சிலவேளை எனக்குச் சந்தேகம் வருவதுண்டு.

அட்டவணை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் முதலில் ஒரு மகிழ்ச்சியான செய்தி கிடைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலம் கற்ற உலகத்தையெல்லாம் ஆட்டிவைத்த இலக்கண நூல் லின்ட்லி மறே என்பவர் எழுதி 1795இல் வெளியிட்டது. மறே அமெரிக்காவில் பிறந்த வழக்கறிஞர். உடல்நலம் குன்றியதால் இங்கிலாந்து சென்று யோர்க் நகருக்கு அருகே குடியேறியவர். அந்நகரில் குவேக்கர் சபையார் நடத்திய பெண்கள் பாடசாலையின் ஆசிரியைகள், தங்கள் மாணவிகளுக்கு ஏற்ற இலக்கணம் ஒன்றை எழுதித் தரும்படி அவரைக் கேட்டார்கள். அந்த வேண்டுகோளால் பிறந்த நூலே அது. பின்னர் ஆண்பிள்ளைகளை அடித்து அடித்துப் படிப்பித்த நூல் முதலில் பெண்பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது!

அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே நியூகாசில் நகரில் சிறுமியருக்குப் பாடசாலை நடத்திய ஆன் பிஷர் என்ற பெண்மணி ஆங்கில இலக்கணம் ஒன்றை எழுதியிருந்தார். பிழையான வாக்கியங்களைக் கொடுத்து, மாணவரைக் கொண்டே திருத்துவிக்கும் பயிற்சியை அவர் தமது நூலில் சேர்த்தார். “கீழ்வரும் வாக்கியங்களைத் திருத்தி எழுதுக” என்ற வினாவைப் பரீட்சைத் தாளில் கண்டு பெருமூச்சு விட்டவர்கள் ஆன் பிஷரை நினைத்துக்கொள்ளலாம். மறே இதே முறையைப் பின்பற்றி 1797இல் பயிற்சி நூலொன்றைத் தனியாகவே வெளியிட்டார்.

மறேயின் கணக்கில் ஆங்கிலத்துக்கு ஆறு காலங்கள். இலத்தீன் இலக்கணத்தின் அச்சில் ஆங்கிலத்தை ஊற்றியதால் வந்த ஆறு அவை. ஒரு நூற்றாண்டு கழித்து, இந்தியக் கல்விச் சேவையில் இருந்த நெஸ்பீல்டின் நூல்கள் வந்தபோது ஆறு பன்னிரண்டாயிற்று. இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற மூன்றையும் சாதாரணம், தொடர்ச்சி, நிறைவு, நிறைவுத்தொடர்ச்சி என்ற நான்கால் பெருக்கினார்கள். நம்மில் பெரும்பாலோர் கொப்பியில் கோடு போட்டு வரைந்த பன்னிரண்டு பெட்டிகள் அவைதாம். 1930களில் வந்த றென் அன்ட் மாட்டின் அதே பெட்டிகளை இன்னும் பல பயிற்சிகளால் நிரப்பியது. றென் என்பவர் பாலைவனப் படைவீரர் பற்றிய நாவல்கள் எழுதிப் புகழ்பெற்றவர் என்பது அவருடைய இலக்கணத்தைப் படித்தவர்களுக்கு நம்பக் கடினமாகவே இருக்கும். 1985இல் குவேர்க்கும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட பேரிலக்கணமோ, ஆங்கிலத்தில் வினைவடிவால் காட்டப்படும் காலங்கள் இரண்டே, எதிர்காலம் என்று தனியான வடிவமே இல்லை என்கிறது. ஆறு, பன்னிரண்டு, இரண்டு. நாங்கள் பன்னிரண்டுக்கும் பிரம்படி வாங்கிய பிறகு இதைச் சொல்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துப் பெண்களிடம் இது எப்படி வந்து சேர்ந்தது? அமெரிக்க மிஷனரிமார் 1816இல் இங்கு வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி, 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரின் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை. வட்டுக்கோட்டையில் ஆண்பிள்ளைகள் ஆங்கிலத்தில் வானசாஸ்திரமும் கணிதமும் படித்தார்கள். 1833இன் கோல்புறூக் சீர்திருத்தங்களுக்குப் பிறகு ஆங்கிலம் என்றால் அரசாங்க உத்தியோகம் என்றாகிவிட்டது. பெண்ணுக்கு உத்தியோகம் இல்லை. ஆகவே ஆங்கிலம் அவளுக்கு எதற்கு என்ற கேள்வி, மிஷனரிமாரிடமும் ஊராரிடமும் ஒன்றுபோலவே இருந்தது. தையல், வேதபாடம், தமிழ் வாசிப்பு ஆகியவை முதலிடம் பெற்றன. 1840இல் வந்து, ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பாமல் 1883இல் இம்மண்ணிலேயே கண்மூடிய எலைசா அக்னியூ அம்மையார் தலைமுறை தலைமுறையாக உருவாக்கியது எழுத வாசிக்கத் தெரிந்த தாய்மாரை. அது சிறிய காரியமன்று. ஆனால் கதவின் மறுபாதி மூடியே இருந்தது.

1855இல் அமெரிக்க மிஷனின் தலைமையகம் தாய்மொழிக் கல்வியே போதும் என்று தீர்மானித்து வட்டுக்கோட்டை செமினரியை மூடியது. கொள்கையளவில் அதில் நியாயம் இருந்தது. ஆனால் யாழ்ப்பாணத்தார் விடவில்லை. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆங்கிலத்தை வெளியிலிருந்து திணித்தார்கள் என்று மட்டும் நாம் சொல்லிவிட முடியாது. எடுத்துவிட்டபோது திரும்பக் கேட்டு வாங்கியவர்களும் நாமே.

பெண்களுக்குக் கதவைத் திறந்தது பரீட்சை என்றே நான் கருதுகிறேன். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உள்ளூர்ப் பரீட்சைகளில் பெண்களையும் சேர்க்கவேண்டுமென எமிலி டேவிஸ் என்பவர் போராடி, 1863இல் பரீட்சார்த்தமாகவும் 1865இல் முறைப்படியும் அனுமதி பெற்றார். 1880இல் அப்பரீட்சை இலங்கையில் நடைபெறத் தொடங்கியபோது, பெண்பிள்ளைகளை ஏற்பது ஏற்கெனவே வழக்கமாகியிருந்தது. பெண்பிள்ளைக்கென்று இலகுவான ஆங்கில இலக்கணத் தாள் கிடையாது. அண்ணன் பகுத்துச் சொல்லவேண்டிய வாக்கியத்தைத்தான் தங்கையும் பகுத்துச் சொல்லவேண்டும். வீட்டில் அண்ணனுக்கு முதல் சோறு, தங்கைக்குப் பிறகு. பரீட்சை மண்டபத்தில் இருவருக்கும் ஒரே தாள். 1896இல் சுண்டிக்குளியும் 1913இல் சேர் பொன். இராமநாதனின் மருதனார்மடக் கல்லூரியும் தோன்றிய காலத்தில், மகளை “சீனியர்” வரை படிப்பிப்பது கௌரவமான காரியமாகியிருந்தது.

அக்காலத்து மாணவியரின் நிலையில் இன்னொரு சிறப்பும் உண்டு. அதைப் பற்றிப் போதிய அளவு எழுதப்படவில்லை என்பது என் மனக்குறை. காலையில் ஆங்கிலப் பாடவேளையில் “பார்சிங்” செய்த அதே பிள்ளை, பிற்பகலில் தமிழ்ப் பண்டிதரிடம் பகுபத உறுப்பிலக்கணம் படித்தது. ஆறுமுக நாவலரின் இலக்கணச் சுருக்கமும் நெஸ்பீல்டும் ஒரே புத்தகப் பையில் கிடந்தன. “நடந்தனன்” என்ற சொல்லைப் பிரித்தால் நட பகுதி, த் சந்தி, அது ந் ஆனது விகாரம், த் இறந்தகால இடைநிலை, அன் சாரியை, அன் ஆண்பால் விகுதி. ஒரே சொல்லில் செயலும் காலமும் செய்தவனும் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலத்தில் “வோக்ட்” என்றால் நடந்தது யார் என்று அச்சொல் சொல்லாது. நானா, நீயா, அவளா என்று முன்னால் ஒரு சொல் நிற்கவேண்டும். இந்த வேறுபாட்டை ஒருமுறை தெளிவாகக் கண்ட பிள்ளைக்கு இரு மொழியும் விளங்கும். சில ஆசிரியைகள் அதைச் செய்தார்கள். பெரும்பாலான வகுப்புகளிலோ ஆங்கில ரீச்சரும் தமிழ்ப் பண்டிதரும் ஒருவர் வகுப்பை ஒருவர் எட்டிப் பார்த்ததில்லை.

பார்த்திருந்தால் நமது பிழைகளின் காரணம் தெரிந்திருக்கும். நம்மவர் விடும் ஆங்கிலப் பிழைகள் சோம்பலால் வருபவை அல்ல. அவற்றுள் பல நல்ல தமிழால் வருபவை. “போனாயா?” என்று கேட்கும்போது வினை தன் காலத்தோடு அப்படியே நிற்கிறது, ஓர் ஆகாரம் மட்டும் கடைசியில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பழக்கத்தில் வந்த பிள்ளை “டிட் யூ வென்ற்” என்றுதான் கேட்கும். காலம் “டிட்” என்ற சொல்லுக்குள் போய்விட்டது, இனி வினை வெறும் பகுதியாக நிற்கவேண்டும் என்று யாராவது சொல்லிக்கொடுத்தாலன்றி அதற்கு எப்படித் தெரியும்? “அவர் நேற்று வந்திருக்கிறார்” என்பது குற்றமில்லாத தமிழ். அதே அமைப்பில் “ஹீ ஹாஸ் கம் யெஸ்டர்டே” என்றால் சிவப்பு மையால் கோடு. “ஐந்து வருடமாக இங்கே இருக்கிறேன்” என்பதில் நிகழ்காலம் போதும். ஆங்கிலமோ தொடங்கிய நாளையும் இன்றையும் சேர்த்துக் கட்டிய நிறைவு வடிவத்தைக் கேட்கிறது. தமிழில் எல்லா இடத்துக்கும் பாலுக்கும் விகுதி உண்டு. ஆங்கில நிகழ்காலத்தில் மிஞ்சியிருப்பது “ஷீ கோஸ்” என்பதிலுள்ள ஒற்றை ஸகரம் ஒன்றே. ஒன்றே ஒன்று என்பதாலேயே அது மறந்துபோகிறது.

சொல்வடிவங்களின் கதையும் இதுதான். அழகு, அழகான, அழகாக. வேகம், வேகமான, வேகமாக. நமக்கு வழி நேரானது. ஆங்கிலத்தில் “டிசைட்” என்ற வினைக்குப் பெயர் “டிசிஷன்”, “லோங்” என்ற பெயரடைக்குப் பெயர் “லெங்த்”. “டை” வினை, “டெட்” பெயரடை, “டெத்” பெயர். மூன்றும் கலங்கி “ஹீ வோஸ் டைட்” என்று எழுதப்பட்ட அனுதாபக் கடிதங்கள் எத்தனை! ஒரு துயரச் செய்தியைக்கூடப் பிழையில்லாமல் எழுதமுடியவில்லையே என்று, வெளிநாட்டிலிருந்து வந்த கடிதத்துக்குப் பதில் எழுதாமலே விட்டவர்களும் உண்டு. சிரிக்கும் விடயமல்ல அது.

“ஷால்”, “வில்” என்ற இரண்டையும் பற்றி ஒரு சொல். “ஐ ஷால், யூ வில்” என்ற விதியை ஜோன் வாலிஸ் என்ற கணித அறிஞர் 1653இல் இலத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் வகுத்தார். இங்கிலாந்துச் சந்தைகளில் அதை எவரும் ஒழுங்காகப் பின்பற்றியதாகத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்கள் கல்லூரிகளில் பின்பற்றினோம்.

இனி 1945க்கு வருவோம். கன்னங்கராவின் இலவசக் கல்வியோடு தொடக்க வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழியாயிற்று. 1950களில் அது இடைநிலை வகுப்புகளுக்கு ஏறியது. 1956இன் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1960, 61ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. 1960களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகக் கலைப்பீடமும் சுயமொழிக்கு மாறியது. இவற்றுள் தாய்மொழிக் கல்வியை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். கட்டணம் கட்ட வசதியில்லாத கிராமத்துப் பெண்பிள்ளைகள் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் வந்ததற்கு அதுவே வழி. அவர்களுட் பலர் இச்சங்கத்தின் ஆயுட்கால உறுப்பினர்.

ஆனால் ஆங்கில வகுப்புக்கு நேர்ந்தது என்ன என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளவேண்டும். “அந்தக் காலத்தில் நாங்கள் கிரமர் படித்தோம், அதனால் இங்கிலிஷ் வந்தது, இப்ப பிள்ளைகளுக்கு ரென்சே தெரியாது” என்று மூத்த அக்காமார் சொல்வதுண்டு. அவர்களை மறுத்துப் பேச எனக்குத் தயக்கந்தான். ஆயினும் அது பாதி உண்மையே. அவர்களுக்கு ஆங்கிலம் வந்தது அட்டவணையால் மட்டும் அன்று. சரித்திரம் ஆங்கிலத்தில், பூமிசாஸ்திரம் ஆங்கிலத்தில், கணக்கு ஆங்கிலத்தில், விடுதியில் உப்பைக் கேட்பதும் ஆங்கிலத்தில். நாளொன்றுக்கு ஆறேழு மணிநேரம் கேட்டு, பேசி, எழுதிய மொழியின் ஓரங்களைச் செதுக்க அட்டவணை உதவியது. சுயமொழிக்குப் பின் அந்தச் சூழல் முழுவதும் போய்விட்டது. மிஞ்சியது ஒரு பாடவேளையும் அட்டவணையும். சுற்றுமதில் போனபின் படலையை மட்டும் காவல் செய்தோம்.

இந்த இடைவெளியை நிரப்பப் புதிய முறைகள் வராமலில்லை. ஹரல்ட் பாமர் வகுத்த பதிலீட்டு அட்டவணைகளும், ஹோன்பியின் வாக்கிய அமைப்புகளும் பல நாடுகளின் வகுப்பறைகளுக்குப் போயின. ஒரே வாக்கியத்தில் சொல்லை மாற்றி மாற்றி நூறு முறை சொல்லும் முறை அது. “திஸ் இஸ் எ பென், தற் இஸ் எ புக்” என்று வகுப்பு முழுவதும் கோரஸாகச் சொன்ன குரல் அடுத்த வகுப்பின் சமூகக்கல்வியை மூழ்கடித்தது. வாய் பழகியது உண்மை. வகுப்புக்கு வெளியே அவ்வாக்கியத்தைச் சொல்ல ஆள் இல்லாததும் உண்மை.

அதன் விளைவை நமது போன்ற சங்கங்களின் கூட்டங்களிலேயே காணலாம். முன்வரிசையில் ஆங்கிலத்தில் அறிக்கை வாசித்து, ஆங்கிலத்தில் முன்மொழிந்து, ஆங்கிலத்தில் நன்றி கூறும் தலைமுறை. பின்வரிசையில், அவர்களைவிட உயர்ந்த பட்டங்கள் பெற்றிருந்தும் வாய் திறக்காத தலைமுறை. சிங்கள இளைஞர் ஆங்கிலத்தைக் “கடுவ”, அதாவது வாள், என்று அழைப்பதைப் பற்றிப் பேராசிரியர் திரு கந்தையா 1984இல் ஒரு கட்டுரை எழுதினார். நமது கூட்டங்களில் வாளை எவரும் ஓங்கவில்லை. மேசைமேல் இருந்ததே போதுமானதாயிற்று. கூட்ட அறிக்கை தமிழிலும் வாசிக்கப்படத் தொடங்கிய பிறகே பின்வரிசையிலிருந்து கைகள் உயர்ந்தன.

யுத்த காலத்தைப் பற்றிச் சுரேஷ் கனகராஜா விரிவாக எழுதியிருக்கிறார். அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த அவர், 1999இல் வெளியான தமது நூலில் தம் மாணவர் பாடநூலின் ஓரங்களில் கிறுக்கிய படங்களையும் வசனங்களையும்கூட ஆராய்ந்தார். அமெரிக்கப் பாடநூல் அது. அதன் கதைமாந்தரோடும் வாழ்க்கைமுறையோடும் மாணவர் மனம் ஒட்டவில்லை. உரையாடல், குழுச் செயற்பாடு என்ற புதிய முறைகளிலும் நாட்டம் குறைவு. “இலக்கணத்தைத் தாருங்கள்” என்பதே அவர்கள் பக்கத்துக் கோரிக்கை.

இதைப் பரீட்சைப் பயம் என்று மட்டும் சொல்லிவிடுவது போதாதென்பது என் அபிப்பிராயம். காகிதத்துக்குத் தட்டுப்பாடு, மின்சாரம் இல்லை, ஜாம் போத்தல் விளக்கில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகச் சேமித்து எரித்த காலம். பாடநூலை எடுத்துக்கொண்டு ஓடமுடியாது. 1995 ஒக்ரோபரில் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது எந்தப் பிள்ளை ஆங்கிலப் புத்தகத்தைச் சுமந்தது? வினை அட்டவணைக்குப் பாரமில்லை. மரத்தடி வகுப்பிலும் அகதிமுகாம் திண்ணையிலும் அதைச் சொல்லிப் பார்க்கலாம். மற்ற யாவும் நிச்சயமற்றிருந்தபோது “பிறிங், புறோற், புறோற்” மாறாமல் இருந்தது. அந்தத் தலைமுறைக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியைகள், பயிற்றப்பட்டவர்களும் தொண்டர்களுமாக, இம்மலரில் தனியாகக் கௌரவிக்கப்படவேண்டியவர்கள்.

அட்டவணை அதற்குப் பின் கடல் கடந்தது. 2007இல் ஜேர்மனியும் 2010 நவம்பரில் பிரித்தானியாவும், கணவனிடம் செல்லும் மனைவி புறப்படுமுன் அடிப்படை மொழிப் பரீட்சையில் சித்தியடையவேண்டுமென விதித்தன. திருமணமாகி, கணவன் அங்கே தான் இங்கே என்று, கொழும்பில் ஓர் அறையில் இருந்து மறுபடி இறந்தகாலம் எழுதிய தங்கைமார் நம்மிடையே பலர். ஒரு வினையின் மூன்றாம் வடிவம் தவறினால் விமானப் பயணம் மூன்று மாதம் தள்ளிப்போகலாம். ஜேர்மனிக்குப் போனவர்கள் ஒரு வியப்பைக் கண்டார்கள். “சிங், சாங், சங்” அங்கே “சிங்கன், சாங், கெசுங்கன்” என்று காத்திருந்தது. இரண்டும் ஒரே தாய்வழி மொழிகள். உயிரெழுத்தை மாற்றிக் காலம் காட்டும் பழைய முறையை இரண்டும் காப்பாற்றியிருக்கின்றன. ஆங்கிலத்தில் அது குறைந்துகொண்டே வருகிறது. 2007இல் வெளியான ஓர் ஆய்வு பழைய ஆங்கிலத்தின் ஒழுங்கற்ற வினைகள் 177ஐ எடுத்துப் பார்த்தபோது, இன்றும் ஒழுங்கற்றே இருப்பவை 98 மட்டும். அடிக்கடி வாயில் வருபவை தப்பிப் பிழைக்கின்றன. அருகி வழங்குபவை “எட்” விகுதியை ஏற்றுக்கொள்கின்றன. நாம் மனனம் செய்த பட்டியல் அந்தத் தப்பிப் பிழைத்தவற்றின் பட்டியலே.

இங்கே 2001இல் உயர்தர விஞ்ஞான வகுப்புகளிலும் அடுத்த ஆண்டு 6ஆம் தரத்திலும் ஆங்கிலமொழி மூலம் திரும்பவும் அனுமதிக்கப்பட்டது. ஆசிரியர் உள்ள பாடசாலைக்கு அது வாய்த்தது. இல்லாத பாடசாலைக்கு இன்னும் அட்டவணைதான்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வளரும் நமது பேரப்பிள்ளைகளுக்குப் “புறோற்” தானாக வருகிறது. நிறைவுத்தொடர்ச்சிக் காலம் என்றால் என்னவென்று கேட்டால் விழிப்பார்கள். அதைப் பிழையின்றிப் பேசுவார்கள். அவர்களுக்கு வராதது வேறு. “அம்மம்மா, நான் நேற்று வாறேன்” என்கிறார்கள். ஆகவே சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளில் இப்போது கரும்பலகையில் மூன்று நிரல்கள் வரையப்படுகின்றன. இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம். வந்தேன், வருகிறேன், வருவேன். போனேன், போகிறேன், போவேன். அவ்வகுப்புகளுக்குத் தொண்டர் ஆசிரியை தேவை என்ற அறிவித்தல்கள் வெளிநாட்டுக் கிளைகளிலிருந்து அடிக்கடி வருகின்றன. இம்மலரின் இறுதிப் பக்கத்தில் கிளைச் செயலாளர்களின் விபரம் உண்டு.